சிறுநீரகக் கல்: வலி வந்த நேரத்தில் இருந்து சரியான யூராலஜிஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

சிறுநீரகக் கல் விஷயத்தில் பலர் ஏமாறுவது வலியை அளவுகோலாக வைத்துக்கொள்வதால்தான். 3 மி.மீ. கல் ஒன்று ஆளைத் தரையில் புரட்டி எடுத்துவிடும். சிறுநீரகத்தின் உள்ளறைகள் முழுவதையும் நிரப்பி வளர்ந்த மான்கொம்புக் கல் வருடக்கணக்கில் சத்தமே காட்டாமல் கிடக்கும். வலி வந்தால் கல் நகர்ந்து, சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயை அடைத்திருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். வலி நின்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கல் வெளியேறியிருக்கலாம், அதே இடத்தில் சிக்கியபடி இருக்க, அந்தச் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்டதால் வலி அடங்கியும் இருக்கலாம். இரண்டாவது வகையில் சில மாதங்களில் ஒரு சிறுநீரகமே வீணாகிவிடக்கூடும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் முடிவைத் தருவது ஸ்கேனும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும்தான்.

படி 1: இது அவசரமா என்று முதலில் பாருங்கள்

கல் வலி பெரும்பாலும் விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் திடீரென்று தொடங்கி, அலை அலையாக ஏறி இறங்கி, அடிவயிறு, தொடை இடுக்கு, ஆண்களுக்கு விதைப்பை வரை பரவும். குமட்டல், வாந்தி, சிறுநீரில் ரத்தம் சேர்ந்து வரலாம். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் நிம்மதி இருக்காது. குடல்வால் அழற்சி போன்ற வயிற்று நோய்களில் அசையாமல் படுக்கத் தோன்றும். கல் வலிக்காரர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். கல் குழாயின் அடிப்பகுதிக்கு, சிறுநீர்ப்பையின் வாசலுக்கு, வந்துவிட்டால் அடிக்கடி சிறுநீர் முட்டும், கடுக்கும். இதைச் சாதாரண நீர்க்கடுப்பு என்று எண்ணி மருந்து சாப்பிட்டு நாளைக் கடத்துபவர்கள் உண்டு.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது; உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்:

- வலியோடு காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
- சிறுநீர் அறவே வராமல் போவது
- ஒரே ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்
- கர்ப்பிணி
- தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, மாத்திரைக்கு அடங்காத வலி

இவற்றில் காய்ச்சல்தான் மிக ஆபத்தானது. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் கிருமி சேர்ந்தால் அது சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது, ஏனென்றால் அடைப்புக்கு மேலே மருந்து சரியாகப் போய்ச் சேராது. தேங்கிய சிறுநீரை வடிக்க வேண்டும்: சிறுநீர்க் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய வடிகுழாயை வைத்தோ, முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தியோ. கல்லை எடுப்பது அப்புறம், தொற்று அடங்கிய பிறகு. இந்த நிலையில் கல்லை உடனே உடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

60 வயதைத் தாண்டியவருக்கு, முன்பு கல்லே வந்திராத நிலையில், முதல் முறையாக இப்படி வலி வந்தால் வயிற்றுப் பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதன் வலி கல் வலியைப் போலவே இருக்கும்.

படி 2: வலிக்கு என்ன செய்வது

அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறும்போது சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அழுத்தமும் வலியும் அதனால் இன்னும் கூடுகின்றன. டைக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற மருந்துகள் அந்தச் சுரப்பையே தடுப்பதால்தான் கல் வலிக்கு முதல் தேர்வாக இருக்கின்றன. வயிற்றுப்புண், ஏற்கெனவே சிறுநீரகக் குறைபாடு, இதய நோய், கர்ப்பம் உள்ளவர்களுக்கு இவை ஆகாது. மருத்துவர் வேறு மருந்து கொடுப்பார்.

வலி நேரத்தில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அடைபட்ட குழாய்க்கு மேலே இன்னும் சிறுநீரை ஊற்றினால் அழுத்தம்தான் ஏறும், வாந்தியும் கூடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். நிறையத் தண்ணீர் குடிப்பது அடுத்த கல் வராமல் இருக்கத்தான்.

படி 3: செய்ய வேண்டிய பரிசோதனைகள்

சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீர் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது), கால்சியம், யூரிக் அமிலம், சோடியம், பொட்டாசியம், ரத்த அணுக்கள்: இவை அடிப்படை. சிறுநீரில் ரத்தம் இல்லை என்றாலும் கல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அல்ட்ராசவுண்ட் நல்ல தொடக்கம். கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகம் வீங்கியிருப்பதைத் தெளிவாகக் காட்டும். ஆனால் குழாயின் நடுப்பகுதியில் இருக்கும் கல் அதில் பெரும்பாலும் தெரியாது. சிறிய கல்லின் அளவைக் கூட்டிக் காட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. சென்ற மாதம் 4 மி.மீ., இந்த மாதம் 6 மி.மீ. என்று இரண்டு அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு கல் வளர்ந்துவிட்டதாகப் பதறுவதில் அர்த்தம் இல்லை. இந்த ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், அப்போதுதான் வாசலில் நிற்கும் கல் கண்ணில் படும்.

உறுதியாகச் சொல்வது கான்ட்ராஸ்ட் (ரத்த நாளத்தில் செலுத்தும் சாய மருந்து) இல்லாத சி.டி. ஸ்கேன். கான்ட்ராஸ்ட் மருந்தும் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும், கல்லும் வெள்ளை. ஒன்றை ஒன்று மறைத்துவிடும் என்பதால் கல்லைத் தேடும்போது அதைச் செலுத்துவதில்லை. உடல் பருமன் அதிகம் இல்லாதவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. போதும், அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட்தான் முதலில், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. சி.டி.யில் கல் உறுதியானவுடன் ஒரு சாதாரண எக்ஸ்ரேயும் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். அதில் கல் தெரிந்தால், பிற்பாடு நகர்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரேயே போதும், மறுபடி மறுபடி சி.டி. வேண்டாம். தூய யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது, அதுவும் ஒரு துப்புதான்.

படி 4: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

அளவு மட்டும் போதாது. நான்கு விஷயங்கள் வேண்டும்: கல்லின் மி.மீ. அளவு, எந்த இடம், எவ்வளவு அடர்த்தி, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா. வீக்கத்தை ரிப்போர்ட்டில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று எழுதுவார்கள்.

சிறுநீரகத்தில் இருந்து பைக்கு இறங்கும் குழாயில் மூன்று குறுகலான இடங்கள் உண்டு: சிறுநீரகத்தை விட்டுக் குழாய் தொடங்கும் இடம், இடுப்பு ரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம், பைக்குள் நுழையும் இடம். கல் சிக்குவது பெரும்பாலும் இவற்றில்தான். கடைசி இடத்தில் நிற்கும் கல் தானாக விழ வாய்ப்பு அதிகம், மேலே நிற்பதற்குக் குறைவு.

அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் எழுதுவார்கள். 500க்குக் கீழே என்றால் யூரிக் அமிலக் கல்லாக இருக்கலாம்; மருந்தாலேயே கரைக்க வழி உண்டு. 1000க்கு மேலே போனால் கல் கடினமானது, வெளியில் இருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது சரியாகப் பலிக்காது. ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லையென்றால் ஸ்கேன் மையத்தில் கேட்டு எழுதி வாங்கலாம். அசல் படங்கள் அடங்கிய சிடியையும் (குறுந்தகடு) வாங்கி வையுங்கள். நல்ல நிபுணர் ரிப்போர்ட்டை மட்டும் நம்பமாட்டார், படத்தைப் போட்டுப் பார்ப்பார்.

படி 5: காத்திருக்கலாமா

குழாயில் உள்ள 5 மி.மீ.க்கும் சிறிய கற்களில் நான்கில் மூன்று பங்கு தானாகவே வெளியேறிவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். 10 மி.மீ.க்கு மேல் அரிதுதான். காய்ச்சல் இல்லை, வலி கட்டுக்குள் இருக்கிறது, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, மற்றச் சிறுநீரகம் நலம் என்றால் காத்திருப்பது முறையான சிகிச்சை. ஆனால் அதற்கு ஒரு கெடு வேண்டும். 4 முதல் 6 வாரங்களுக்குள் கல் வெளியேறவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும்; அதற்கு மேல் அடைப்பு நீடித்தால் சிறுநீரகத்துக்கு நிரந்தரச் சேதம் வரலாம்.

இந்தக் காலத்தில் டாம்சுலோசின் 0.4 மி.கி. தினம் ஒன்று எழுதிக் கொடுப்பது வழக்கம். குழாயின் கீழ்ப்பகுதித் தசையைத் தளர்த்தும். 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களில்தான் அதன் பலன் தெரிகிறது. சிறிய கல் அது இல்லாமலும் போய்விடும். படுக்கையில் இருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். ஆண்களுக்கு விந்து வெளியேறாமல் போகலாம், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். கண்புரை அறுவை செய்யவிருப்பவர் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும், ஏனெனில் அறுவையின்போது கண்மணி சுருங்கித் தொல்லை தரும்.

சிறுநீரை ஒவ்வொரு முறையும் மெல்லிய வலை வடிகட்டியில் பிடியுங்கள். கல் விழுந்தால் கழுவி, உலர்த்தி, சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை, பிறகு காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள். கல் விழாவிட்டாலும் வலி நின்றுவிட்டாலும், கெடு முடியும்போது ஸ்கேன் கட்டாயம்.

சிறுநீரகத்துக்குள்ளேயே, தொந்தரவு தராமல், 3, 4 மி.மீ. அளவில் கிடக்கும் கல் வேறு கதை. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும். இப்படிப்பட்ட கல்லுக்கு உடனே அறுவை என்று அவசரப்படுத்தினால் வேறொரு மருத்துவரிடமும் கேளுங்கள். விமானி போன்ற தொழிலில் இருப்பவர்களுக்கும் மருத்துவமனை எட்டாத இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறலாம்.

படி 6: யாரிடம் போவது

கல்லை எடுப்பவர் யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை அறுவை நிபுணர். கல் ஏன் உருவாகிறது, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பவர் நெஃப்ராலஜிஸ்ட், சிறுநீரக மருத்துவ நிபுணர். கல் குழாயை அடைத்து நிற்கும்போது முதலில் யூராலஜிஸ்ட். கல் திரும்பத் திரும்ப வந்தால், கிரியேட்டினின் ஏறினால், இரண்டு பக்கமும் கல் இருந்தால் நெஃப்ராலஜிஸ்ட்டும் சேர வேண்டும். ரத்தத்தில் கால்சியம் அதிகம் என்றால், அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியைப் பார்க்க நாளமில்லாச் சுரப்பி நிபுணர். குழந்தைக்குக் கல் என்றால் குழந்தைகள் யூராலஜி தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அங்கே உடற்செயல் கோளாறுகளையும் மரபுக் காரணங்களையும் தேடுவது கட்டாயம்.

முதலில் மருத்துவரின் பதிவையும் சிறப்புப் பட்டத்தையும் உங்கள் நாட்டு மருத்துவ கவுன்சிலின் பட்டியலில் சரிபாருங்கள். அடுத்தது அதைவிட முக்கியம்: அந்த இடத்தில் அதிர்வலை, உள்நோக்கி லேசர், முதுகுத் துளை வழி ஆகிய மூன்று முறைகளும் (படி 7இல் விளக்கம்) இருக்கின்றனவா? ஒரே ஒரு இயந்திரம் வைத்திருக்கும் இடத்தில் எல்லாக் கல்லுக்கும் அந்த இயந்திரமே மருந்தாகிவிடுகிறது. மூன்றும் இல்லாவிட்டால் தவறில்லை, தேவைப்பட்டால் வேறு இடத்துக்கு அனுப்புவோம் என்று வெளிப்படையாகச் சொல்பவரை நம்பலாம். நள்ளிரவில் காய்ச்சலோடு போனால் வடிகுழாய் வைக்க ஆள் இருக்குமா என்பதும் கேட்க வேண்டியது.

போகும்போது ஸ்கேன் சிடி, பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் (வைட்டமின் மாத்திரைகளும் சேர்த்து), முன்பு ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்தத் தேதி, வீட்டில் யாருக்கெல்லாம் கல் இருந்தது என்ற விவரம், எல்லாம் கையில் இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்விகள்:

- என் கல்லுக்கு எந்தெந்த வழிகள் உண்டு, இதை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?
- ஒரே தடவையில் முழுவதும் போய்விடுமா, மறுபடி செய்ய வேண்டிவருமா?
- இதே அளவில், இதே இடத்தில் உள்ள கற்களை நீங்கள் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்?
- சிறுநீர் கல்ச்சர் முடிவு வந்த பிறகுதானே செய்வீர்கள்?
- ஸ்டென்ட் வைப்பீர்களா, எப்போது எடுப்பீர்கள், அந்தச் செலவும் இதில் சேர்த்தியா?
- எடுத்த கல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்புவீர்களா?

நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தருபவர், எல்லா வகைக் கல்லையும் கரைக்கும் மருந்து இருப்பதாகச் சொல்பவர், ஸ்கேன் படத்தைத் தொடாமலே அறுவைக்கு நாள் குறிப்பவர் ஆகியோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மருந்தால் உண்மையில் கரைவது யூரிக் அமிலக் கல். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் பி.எச். அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6.5 முதல் 7 வரை வைத்தால் சில வாரங்களில் அது கரையும். பி.எச். தாளால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கால்சியம் ஆக்சலேட் கல், அதாவது மிகப் பெரும்பாலோருக்கு இருக்கும் கல், எந்த மருந்துக்கும் கரையாது.

படி 7: கல்லை எடுக்கும் மூன்று வழிகள்

அதிர்வலைச் சிகிச்சையில் உடலுக்குள் எதுவும் நுழைவதில்லை. 1980இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. சிறுநீரகத்தில் 2 செ.மீ. வரை, அடர்த்தி குறைந்த கல் என்றால் ஏற்றது. தோலில் இருந்து கல் 10 செ.மீ.க்கு மேல் ஆழத்தில் இருந்தாலோ, சிறுநீரகத்தின் அடி அறையில் இருந்தாலோ பலன் குறையும். அங்கே கல் உடைந்தாலும் துகள்கள் மேலேறி வெளியே வருவதில்லை. நிமிடத்துக்கு 60 முதல் 90 அதிர்வுகள் என்று நிதானமாகக் கொடுத்தால் நன்றாக உடையும், திசுவுக்கும் சேதம் குறைவு. வேகமாக முடிப்பதால் நன்மை இல்லை. உடைந்த துகள்கள் வரிசையாகக் குழாயில் தேங்கி அடைத்துக்கொள்வது இதன் முக்கியச் சிக்கல். கர்ப்பிணி, ரத்தம் உறையாமை உள்ளவர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தில் இருப்பவர், சிறுநீர்த் தொற்று அடங்காதவர் ஆகியோருக்குச் செய்யக் கூடாது. அந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இதய மருத்துவரும் யூராலஜிஸ்ட்டும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

உள்நோக்கி முறையில் சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய கருவியைக் குழாய்க்குள் செலுத்தி லேசரால் உடைக்கிறார்கள். தையல் கிடையாது. குழாயில் உள்ள கற்களுக்கும், சிறுநீரகத்தில் 2 செ.மீ. வரையிலான கற்களுக்கும் இன்று பெரும்பாலும் இதுதான். சிலருக்குக் குழாய் குறுகலாக இருந்து கருவி ஏறாது. அப்போது வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் ஸ்டென்ட் வைத்து, குழாய் தளர்ந்த பின் ஒன்றிரண்டு வாரம் கழித்துச் செய்வதுதான் சரி. முதல் நாள் முடியவில்லையே என்று மருத்துவரைக் குறை சொல்ல வேண்டாம். தள்ளியிருந்தால் குழாய் கிழிந்திருக்கும்.

2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கும் மான்கொம்புக் கல்லுக்கும் முதுகில் சுமார் 1 செ.மீ. துளை வழியாக எடுக்கும் முறை. இதில் கல் முழுவதும் போகும் வாய்ப்பு அதிகம், ரத்தப்போக்கும் தொற்றும் வரும் வாய்ப்பும் மற்ற இரண்டைவிட அதிகம். சில நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

படி 8: ஸ்டென்ட்டை மறக்காதீர்கள்

சிறுநீரகத்துக்கும் பைக்கும் இடையே வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் இருக்கும் வரை அடிக்கடி முட்டுவது, சிறுநீர் போகும்போது முதுகில் சுளீர் என்பது, கொஞ்சம் நடந்தால் சிறுநீர் சிவப்பாவது எல்லாம் வரும், பயப்பட வேண்டியதில்லை. கட்டி கட்டியாக ரத்தம், காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை. பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் மறந்து விட்டால் ஸ்டென்ட்டின் மேலேயே கல் படிந்து இறுகி, அதை எடுக்கவே பெரிய அறுவை தேவைப்படும். வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி இரண்டும் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கின்றனவா என்று பார்த்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

படி 9: காரணத்தைக் கண்டுபிடிப்பது

தடுக்க எதுவும் செய்யாவிட்டால் சுமார் பாதிப் பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் மறுபடி கல் வருகிறது. ஆகவே கல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். கால்சியம் பாஸ்பேட் என்றால் சிறுநீரகக் குழல் கோளாறும் பாராதைராய்டும் சந்தேகம், ஸ்ட்ரூவைட் என்றால் தொற்று, சிஸ்டின் என்றால் பரம்பரை. டோபிராமேட் (வலிப்பு, ஒற்றைத் தலைவலிக்குத் தருவது), அசெட்டசோலமைடு (கண் அழுத்தத்துக்குத் தருவது) போன்ற மருந்துகளும் கல்லை உண்டாக்கும். நாளுக்கு 1 கிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரில் ஆக்சலேட் ஏறும்.

மறுபடி கல் வந்தவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். சிகிச்சை முடிந்து குறைந்தது 6 வாரம் கழித்து, வழக்கமான சாப்பாட்டில் இருக்கும்போது செய்ய வேண்டும். பரிசோதனைக்காக ஒரு நாள் மட்டும் பத்தியம் இருந்தால் முடிவு பொய்யாகிவிடும். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு துளியும், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் உட்பட, பாத்திரத்துக்குள். நடுவில் ஒரு தடவை தவறினாலும் மறுபடி முதலில் இருந்து. சேகரிப்பு முழுமையா என்பதை அதில் உள்ள கிரியேட்டினின் அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

தடுப்பில் உறுதியாகப் பலன் தெரிந்தது தண்ணீர். இலக்கு குடிக்கும் அளவல்ல, வெளியேறும் அளவு: நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர். வியர்வை அதிகமென்றால் அதற்கேற்பக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வில் நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 5 ஆண்டுகளில் 12 சதவீதம் பேருக்கும், குடிக்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் மறுபடி கல் வந்தது.

கால்சியத்தைக் குறைப்பது தவறு. பால், தயிரை நிறுத்தினால் குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் அது சிறுநீருக்குப் போய்விடும். அதே இத்தாலியக் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியம் குறைத்த 60 ஆண்களில் 23 பேருக்குக் கல் திரும்பியது. வழக்கமான கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் உணவில் இருந்தே, சாப்பாட்டு வேளையோடு சேர்த்து வரட்டும். உப்பு 5 கிராமுக்குள் நிற்கட்டும், ஏனெனில் சோடியம் வெளியேறும்போது கால்சியத்தையும் சிறுநீருக்கு இழுத்துச் செல்கிறது. பசலைக்கீரை, பாதாம் போன்ற ஆக்சலேட் மிகுந்தவற்றைக் கால்சியம் ஆக்சலேட் கல் உள்ளவர்கள் குறைத்தால் போதும். தக்காளியை விதை எடுத்துச் சாப்பிடுவதால் ஆவது ஒன்றுமில்லை.

மருந்துகளில் பொட்டாசியம் சிட்ரேட்டும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலும் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தருபவை. சிறுநீரில் கால்சியத்தைக் குறைப்பதற்காக நெடுங்காலமாகப் பரவலாகத் தரப்பட்ட ஹைட்ரோகுளோரோதையசைடு, 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவாக மேலானதாக நிரூபணமாகவில்லை. அதை எழுதித் தந்தால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

கல்லை எடுத்து ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். துகள் மிச்சம் இருக்கிறதா என்பதோடு, குழாய் உள்ளே சுருங்கி வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்குகிறதா என்பதையும் அதில்தான் பார்க்க முடியும். மருந்து அல்லது உணவு மாற்றம் தொடங்கியவர்கள் 24 மணி நேரச் சிறுநீரை 6 மாதத்துக்குள் மறுபடி சோதித்து எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன்.